எஸ் ஆன்டிஜன் போகுமா? வைரஸின் மரபணுவை அடக்கும் ஊசிகள்

ஹெபடைடிஸ் பி இருப்பது பலருக்கும் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. சேலத்தில் ஒரு கல்லூரி ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்திருப்பார், சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வரும். இல்லையென்றால் வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் தெரியும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். சீட்டில் 'எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்' என்று இருக்கும், அதாவது வைரஸின் மேலுறைப் புரதமான எஸ் ஆன்டிஜன் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பிலோ ஒரு தொந்தரவும் இருக்காது. பசி எடுக்கும், வேலை ஓடும், கண் வெள்ளையாகத்தான் இருக்கும்.

டாக்டரிடம் போனதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எப்ப சார் நெகட்டிவ் ஆகும்?"

சங்கடமான கேள்வி. நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸ் அளவு குறையும், கல்லீரல் தப்பிக்கும். ஆனால் சீட்டில் உள்ள அந்த 'ரியாக்டிவ்' பெரும்பாலானவர்களுக்கு மாறவே மாறாது. அதை மாற்றிப் பார்க்கலாம் என்று வந்திருப்பவைதான் ஜீன் சைலன்சிங் மருந்துகள், அதாவது மரபணுவை அடக்கும் ஊசிகள். இவை எப்படி வேலை செய்கின்றன, எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் கல்லீரலில் கிருமி என்றாலே மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்றாலே பச்சிலை. ஏ, இ வகை வைரஸ்கள் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வருகின்றன. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, வாய் கசந்து, சில வாரங்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரத்தில் எதைக் குடித்திருந்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். பி வகை வேறு. அது ரத்தம், உடலுறவு, சுத்தமில்லாத ஊசி, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று பரவுவது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் கதை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது தங்கிவிடும். பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சிலருக்குக் கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ கொண்டுவரும். 2022 நிலவரப்படி உலகில் சுமார் 25.4 கோடிப் பேர் இப்படி நாள்பட்ட தொற்றோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர்.

இவ்வளவு செய்யும் வைரஸ் மிகச் சின்னது. மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் என்றால், இதனிடம் இருப்பது வெறும் 3,200 எழுத்துகள்தான். நான்கே மரபணுக்கள், அவையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்திருக்கின்றன. இடத்தை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தும் உயிரினம் அபூர்வம். வைரஸை உயிரினம் என்று சொல்லலாமா என்பது தனிச் சண்டை, அதற்குள் இப்போது போகவேண்டாம்.

கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் அது நேராக உட்கருவுக்குப் போய்த் தன் டிஎன்ஏவை ஒரு மூடிய வளையமாக மாற்றிக்கொள்கிறது. இந்த வளையம்தான் எல்லா வில்லங்கத்துக்கும் மூலம். அந்தச் செல் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதிலிருந்து படிகள் எடுக்கப்பட்டு, படிகளிலிருந்து புரதங்கள் செய்யப்பட்டு, புதிய வைரஸ்கள் கிளம்பும்.

இளம்பிள்ளைப் பக்கம் ஜக்கார்டு தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சேலையின் மூல டிசைன் முதலாளியின் பீரோவில் பத்திரமாக இருக்கும். தறிக்கு வருவது அதைப் பார்த்துத் துளை போட்ட அட்டைகள். தறிக்கு டிசைன் தெரியாது, அட்டை சொன்னபடி நூல் ஏறி இறங்கும். செல்லிலும் அப்படித்தான். டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. அதைப் பார்த்துப் படியெடுத்த தூது ஆர்என்ஏதான் வெளியே வரும், அதைப் படித்துத்தான் புரதம் நெய்யப்படும். ஜீன் சைலன்சிங் பீரோவை உடைப்பதில்லை. தறிக்குப் போகிற வழியிலேயே அட்டையைக் கிழித்துப் போடுகிறது. டிசைன் அப்படியே இருக்கும், சேலை மட்டும் வராது.

ஆகவே இது மரபணுவைத் திருத்தும் சிகிச்சை அல்ல. உங்கள் டிஎன்ஏவிலோ வைரஸின் டிஎன்ஏவிலோ ஓர் எழுத்தைக்கூட இது மாற்றுவதில்லை. வளையத்தையே வெட்டிப்போடும் முயற்சிகள் தனியாக நடக்கின்றன, அவை இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்த வித்தை முதலில் தலைகாட்டியது மனித உடம்பிலோ எலியிலோ அல்ல, ஒரு பூச்செடியில். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனால் அண்ணா பூங்கா மலர்க்காட்சியில் தொட்டி தொட்டியாக வைப்பார்களே, அந்தப் பெட்டூனியாதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜார்கென்சன், கரோலின் நபோலி ஆகியோரின் குழு ஊதாப் பெட்டூனியாவின் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறம் தரும் மரபணுவை இன்னொரு பிரதி உள்ளே சேர்த்தது. ஒரு பிரதி இவ்வளவு ஊதா என்றால் இரண்டு பிரதி இன்னும் ஊதா என்பதுதானே கணக்கு? பூத்ததோ வெள்ளை. சில பூக்களில் பாதி ஊதா, பாதி வெள்ளை. புதிதாகச் சேர்த்த மரபணு பழையதையும் சேர்த்து ஊமையாக்கியிருந்தது. 1990இல் அவர்கள் இதை வெளியிட்டபோது காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு மிகச் சிறிய உருளைப்புழுவில் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஒற்றை இழையாக இருக்க வேண்டிய ஆர்என்ஏ இரட்டை இழையாகக் கண்ணில் பட்டால், செல் அதைத் துண்டு துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே எழுத்து வரிசை உள்ள தூது ஆர்என்ஏக்களைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. எட்டே வருடத்தில், 2006இல், இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தாக்கும்போது துண்டை நாமே செய்து அனுப்பிவிடுகிறோம். ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள சின்ன இரட்டை இழை இது. எஸ்ஐஆர்என்ஏ என்பார்கள். செல்லுக்குள் ஆர்கோநாட் என்ற புரதம் அதில் ஓர் இழையைக் கையில் பிடித்துக்கொள்ளும். அந்த இழைக்குப் பொருந்துகிற ஆர்என்ஏ வந்தால் வெட்டும், விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். ஒரே இழை பலமுறை வேலை செய்வதால்தான் ஓர் ஊசியின் பலன் வாரக்கணக்கில், சில மருந்துகளில் மாதக்கணக்கில்கூட நிற்கிறது. இன்னொரு வகை ஆன்டிசென்ஸ். அது ஒற்றை இழை, சுமார் 20 எழுத்து. வைரஸின் ஆர்என்ஏமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் செல்லின் வேறொரு நொதி வெட்டும். வழி வேறு, பலன் ஒன்று.

ஹெபடைடிஸ் பிக்கு இந்த முறை ஏன் பொருத்தம் என்பதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன என்றேன் அல்லவா? அதனால் அதன் எல்லாத் தூது ஆர்என்ஏக்களும் வெவ்வேறு இடத்தில் தொடங்கினாலும் ஒரே இடத்தில் முடிகின்றன. அந்த வால் பகுதியைக் குறிவைத்தால் ஒரே மருந்து அத்தனையையும் வெட்டிவிடும். சிக்கனமாக இருந்ததற்கு வைரஸ் கொடுக்கும் விலை இது.

சரி, இப்போது இருக்கும் மாத்திரைகள் இதைச் செய்வதில்லையா? இல்லை. டெனோஃபோவிர், என்டகாவிர் இரண்டும் வைரஸ் தன் டிஎன்ஏவைப் புதிதாக எழுதும் இடத்தில் மறிக்கின்றன. புதிய வைரஸ் பிறப்பது அநேகமாக நின்றுவிடும். ஆனால் மேலுறைப் புரதம் என்ற எஸ் ஆன்டிஜன் தயாராவது நிற்காது. சீட்டில் 'ரியாக்டிவ்' என்று காட்டுவது இந்தப் புரதத்தைத்தான். வைரஸ் தன் தேவைக்கு இதைச் செய்வதோடு நிற்பதில்லை. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை, உள்ளே எதுவுமில்லாத வெற்று உருண்டைகளாக இந்தப் புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. வருடக்கணக்கில் இந்த வெள்ளத்தைப் பார்த்துப் பார்த்து நோய் எதிர்ப்புச் செல்கள் சோர்ந்து போகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. வேடிக்கை என்னவென்றால், தடுப்பூசியில் இருப்பதும் இதே புரதம்தான். தொற்று இல்லாதவருக்குக் கொஞ்சம் கொடுத்தால் பாதுகாப்பு. ஏற்கெனவே அதில் மூழ்கிக் கிடப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

ஆக, இந்த ஊசிகளின் திட்டம் வைரஸைக் கொல்வது அல்ல. புரத வெள்ளத்தை வடியவைப்பது, வடிந்த இடைவெளியில் உடம்பின் சொந்தப் படை எழுகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். எழுந்துவிட்டால் மருந்தை நிறுத்திய பிறகும் அது வைரஸை அடக்கி வைத்திருக்கும். எல்லா மருந்தையும் நிறுத்தி 24 வாரம் கழித்தும் எஸ் ஆன்டிஜனும் வைரஸ் டிஎன்ஏவும் தென்படவில்லை என்றால் அதை 'செயல்பாட்டுக் குணம்' என்கிறார்கள். வளையம் எங்கோ ஒரு மூலையில் இருக்கலாம், ஆனால் வாலாட்டாது.

ஆர்என்ஏவைக் கல்லீரல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. சும்மா ஊசி போட்டால் ரத்தத்திலுள்ள நொதிகள் கொஞ்ச நேரத்தில் கடித்துத் துப்பிவிடும். எழுத்துகளின் வேதியியலைக் கொஞ்சம் மாற்றி அவற்றைக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு கேல்நாக் என்ற சர்க்கரை மூலக்கூறு மூன்றை வாலில் கட்டினார்கள். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இந்தச் சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஏராளம், வேறெந்த உறுப்பிலும் இந்த அளவுக்கு இல்லை. இதனால் தோலுக்கடியில் போடும் சாதாரண ஊசியே மருந்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. எஸ்ஐஆர்என்ஏ மருந்து என்பது இனி கற்பனையும் அல்ல. 2018இல் பாட்டிசிரான் முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஓர் அரிய பரம்பரை நோய்க்கு. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டே தடவை போடுவது. அதுவும் கல்லீரலில்தான் வேலை செய்கிறது.

ஹெபடைடிஸ் பியில் நடந்த ஒரு துப்பறியும் வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏஆர்சி-520 என்ற ஆரம்பகால மருந்து, நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நன்றாக வேலை செய்தது, இன்னொரு பிரிவினருக்கு எஸ் ஆன்டிஜனை அவ்வளவாகக் குறைக்கவில்லை. குறையாதவர்கள் பெரும்பாலும் இ ஆன்டிஜன் என்ற இதே வைரஸின் இன்னொரு புரதம் நெகட்டிவ் ஆனவர்கள், அதாவது தொற்றின் பிற்பட்ட கட்டத்தில் இருப்பவர்கள். மருந்து ஒன்றே, வைரஸும் ஒன்றே, பிறகு ஏன்? சிம்பன்சிகளின் கல்லீரலை ஆராய்ந்ததில் விடை கிடைத்தது, 2017இல் வெளிவந்தது. வருடங்கள் ஓட ஓட, வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் நம் குரோமோசோமுக்குள்ளேயே போய்ப் பதிந்துவிடுகின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து முழு வைரஸ் பிறக்க முடியாது. எஸ் ஆன்டிஜன் மட்டும் பிறக்கும். பதியும்போது வால் பகுதி அறுந்துவிடுகிறது. மருந்து குறிவைத்ததோ அந்த வாலை! வெட்ட வேண்டிய இடமே இல்லாத ஆர்என்ஏவைத் தேடி மருந்து அலைந்துகொண்டிருந்தது.

எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். சிலருக்குப் பலிக்காத மருந்து ஒன்று, நோயைப் பற்றி அதுவரை முழுதாகப் புரியாமல் இருந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பின் வந்த மருந்துகள் எஸ் மரபணு இருக்கும் பகுதியையும் குறிவைக்கின்றன. சிலவற்றில் இரண்டு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு துண்டுகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

பலன் எவ்வளவு? பெபிரோவிர்சன் என்ற ஆன்டிசென்ஸ் மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு 2022இல் வந்தது. வாரம் ஒரு ஊசியாக 24 வாரம் 300 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில், ஊசி நின்று 24 வாரத்துக்குப் பிறகும் எஸ் ஆன்டிஜனும் வைரஸும் இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 9 முதல் 10 பேர். ஆரம்பத்திலேயே எஸ் ஆன்டிஜன் குறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் நல்ல பலன். 2024 கடைசியில் சால்னெசிரான் என்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்தின் முடிவு வந்தது. அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது எஸ் ஆன்டிஜன் போனவர்கள் நூற்றுக்கு 3 முதல் 7 பேர்தான். நோய் எதிர்ப்புப் படையைத் தூண்டுவதற்காக வாரம் ஒருமுறை போடும் பழைய இன்டர்ஃபெரான் ஊசியைச் சேர்த்துக் கொடுத்தபோது 23. வெள்ளத்தை வடியவைத்தால் மட்டும் போதாது, படையை எழுப்பிவிடவும் ஏதாவது வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இப்போது நடக்கும் ஆராய்ச்சிகளில் பலவும் இப்படிக் கூட்டு மருந்தைத் தேடித்தான் போகின்றன.

நூற்றில் பத்து என்பது ஏமாற்றமாகத் தோன்றலாம், நம் ஊரில் இதைவிடப் பெரிய எண் ஒன்று ஏற்கெனவே கேள்விப்பட்டது என்பதால் கூடுதலாகவே தோன்றும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பாருக் புளும்பெர்க்கும் உள்ளிட்ட குழு, கீழாநெல்லியை முறையான சோதனைக்கே உட்படுத்தியது. 1988இல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரைப்படி, 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எஸ் ஆன்டிஜன் போய்விட்டது. நூற்றுக்கு 59! வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று கீழாநெல்லியைச் சோதித்தவர்களும் இன்று ஆர்என்ஏ ஊசியைச் சோதிப்பவர்களும் தேடியது ஒரே பொருள்தான், எஸ் ஆன்டிஜன் போக வேண்டும். அளவுகோலில் மாற்றமில்லை. அன்றைய 59 பிற இடங்களில் நிற்கவில்லை. இன்றைய பத்து, பல நாடுகளில் நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்து வந்தது, ஊசியை நிறுத்தி ஆறு மாதம் கழித்து எண்ணியது. நான் இந்தப் பத்தைத்தான் நம்புவேன். பச்சிலையை ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதைச் சோதனைக்குக் கொண்டுபோன துணிச்சல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமையே.

ஹெபடைடிஸ் சி வைரஸுக்கும் இந்த வழியை முயன்றார்கள். அந்த வைரஸ் பெருகுவதற்குக் கல்லீரலில் உள்ள மிர்-122 என்ற நம் சொந்த ஆர்என்ஏ துண்டு தேவை. அதை மறைத்துவிட்ட மிராவிர்சன் என்ற மருந்து 2013இல் நல்ல பலனும் காட்டியது. அதற்குள் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்து, மூன்று மாதத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சி வகைத் தொற்றை முழுதாகவே குணப்படுத்திவிட்டன. அந்த வைரஸ் மூடிய வளையம் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதால் அங்கே வேலை எளிது. பியில் அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை.

பக்கவிளைவைப் பற்றிக் கொஞ்சம். ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, வலி, வீக்கம் வருவது சாதாரணம். கவனிக்க வேண்டியது ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி திடீரென ஏறுவது. நோய் எதிர்ப்புப் படை விழித்து, தொற்றுள்ள செல்களைத் தாக்குவதாலும் இது ஏறலாம், அப்படியென்றால் ஒரு வகையில் நல்ல சகுனம். ஆனால் ஏற்கெனவே சுருங்கிப்போன கல்லீரலால் அந்தத் தாக்குதலைத் தாங்க முடியாது. அதனால்தான் இந்தச் சோதனைகளில் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

இதைவிட ஆபத்தானது, புது ஊசி வரப்போகிறதாம் என்று கேள்விப்பட்டு இப்போது சாப்பிடும் டெனோஃபோவிரைத் தானாக நிறுத்துவது. அடங்கிக் கிடந்த வைரஸ் சீறிக்கொண்டு எழும். கல்லீரல் செயலிழப்பு வரை போகக்கூடிய விஷயம் இது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 2018 முதல் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாகவே தருகிறார்கள். சேலத்துக்காரர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, எஸ் ஆன்டிஜனின் அளவைக் காட்டும் பரிசோதனை தனக்குத் தேவையா என்றும் கேட்கலாம். 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும் சாதாரண டெஸ்ட் அல்ல இது, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் சொல்வது. இந்த ஊசிகள் நாளை கைக்கு வரும்போது யாருக்கு அதிகம் பலிக்கும் என்பது பெருமளவு அந்த எண்ணைப் பொறுத்தது.

பிள்ளை பிறந்த வீடு என்றால் கணக்கே வேறு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசி, இந்த ஆராய்ச்சி முழுவதும் துரத்திக்கொண்டிருக்கும் நிலைமையைப் பெரும்பாலும் வரவிடாமலே செய்துவிடும். தாய்க்குத் தொற்று இருந்தால் கூடவே, தயார் நிலையிலுள்ள எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'ஜீன் தெரபி ஊசி, இத்தனை லட்சம், நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காசைக் கட்ட வேண்டாம். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், அதை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். முறையான சோதனையில் சேர்பவரிடம் சோதனை மருந்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்து, விளக்கிச் சொல்லி, சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குவார்கள். இதில் எது குறைந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.